மங்கராய் மலைக்கிராமத்தில் காப்பி நிலம் வாங்கிக் குடியேறலாமா?

கேள்வி: குளுவாங்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் வசிக்கிறேன், வயது 56. என் மனைவி இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில், இன்று கிழக்கு மங்கராய் மாவட்டம் எனப்படும் பகுதியின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். செம்பனைத் தோட்டத்து வேலைக்காக இங்கே வந்திருந்தபோது பழக்கம் ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகு நானும் அங்கே சென்றேன். இரு வீட்டாரும் கத்தோலிக்கர்கள் என்பதால் 2006ஆம் ஆண்டு அந்த ஊர்க் கோயிலிலேயே திருமணம் நடந்தது. ஒரே மகள், அவளுக்கு இப்போது 17 வயது.

இன்னும் நான்கு ஆண்டுகளில் பணி ஓய்வு பெறுகிறேன். மனைவிக்குத் தம் ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. எனக்கும் மறுப்பில்லை. நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டபோது சட்டிபானைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. என் தகப்பனார் பெயரில் கடைசிவரை ஒரு சாண் நிலம்கூட இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, நிலம் என்று யாராவது சொன்னாலே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மூத்த மைத்துனர் ஒன்றரை ஹெக்டேர் காப்பி நிலத்தை எங்களுக்கு விற்க முன்வந்திருக்கிறார். ஊடே கிராம்பும், நாங்கள் புவா கெராஸ் என்று சொல்லும் கெமிரி மரங்களும் நிற்கின்றன. 2023 மே மாதம் தீவின் மேற்குக் கரையில் உள்ள லபுவான் பாஜோ நகரில் ஆசியான் உச்சி மாநாடு நடந்ததிலிருந்து சாலைகள் மேம்பட்டுவிட்டன, மேற்குக் கரையில் நிலவிலை பலமடங்கு ஏறிவிட்டது, அந்த விலை விரைவில் எங்கள் மலைக்கும் வந்துவிடும் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். ஊழியர் சேமநிதியில் உள்ள தொகையின் ஒரு பகுதியை இதில் போடலாமா என்பதே என் யோசனை.

நிலத்தை என் பெயரிலோ இருவர் பெயரிலோ பதிய முடியுமா? மைத்துனர் சொல்வதுபோல மதிப்பு ஏறுமா? இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள ஒருவர் அங்கே காலம் தள்ள முடியுமா? இதுவரை மூன்று முறை சென்றிருக்கிறேன். மூன்று முறையும் ஜூலை மாதம். அனுபவம் உள்ளவர்கள் மனம்விட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஆவணப்பணி, ஜகார்த்தா

ஐயா, வணக்கம். நான் கடலூர்க்காரன். பதினான்கு ஆண்டுகளாக ஜகார்த்தாவில் நோட்டரி அலுவலகங்களோடு சேர்ந்து நில ஆவணப் பணி செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். முழு உடைமை உரிமையான ஹக் மிலிக் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று அது கூறுகிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்த உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. நிலம் அரசைச் சேர்ந்துவிடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, உண்மையான உரிமையாளர் நானே என்று தனிப்பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அந்தப் பத்திரத்தை நீதிமன்றத்தில் நீட்டுவது, சட்டத்தை மீறினேன் என்று தாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

வெளிநாட்டவருக்கு ஹக் பக்காய் என்னும் பயன்பாட்டு உரிமை உண்டு. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குவிதிப்படி, முதலில் 30 ஆண்டுகள், நீட்டிப்பு 20 ஆண்டுகள், புதுப்பிப்பு 30 ஆண்டுகள் என்று அது செல்லும். ஆனால் அது, தங்கும் அனுமதி உள்ளவர் குடியிருக்கும் வீட்டுக்காக ஏற்பட்டது. காப்பித் தோட்டத்துக்குப் பொருந்தாது. ஆகவே, அந்த ஒன்றரை ஹெக்டேர் உங்கள் பெயருக்கு வர வழியே இல்லை.

உங்கள் மனைவி இந்தோனேசியக் கடவுச்சீட்டை விடாமல் புதுப்பித்து வந்திருந்தால், அவர் பெயரில் வாங்கலாம். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. பொதுச் சொத்தாகிவிட்டால் அதில் வெளிநாட்டவரான உங்களுக்குப் பங்கு வந்துவிடுகிறது. உடைமை உரிமை ஆட்டம் காண்கிறது. முன்பு இந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்போ திருமணத்தின் போதோதான் செய்ய முடிந்தது. கலப்புத் திருமணம் செய்த இந்தோனேசியப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, திருமண வாழ்வின் இடையிலும் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் செய்யலாம் என்று வழி திறந்தது. நோட்டரி முன்னிலையில் அதைச் செய்து, குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அதற்குப் பிறகே நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பின்னாளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனைவிக்கு ஏதேனும் நேர்ந்து நிலம் உங்களுக்கு வாரிசுரிமையாக வந்தால், ஓராண்டுக்குள் அதை ஒரு குடிமகனுக்கு மாற்றிவிட வேண்டும். மகளுக்கும் இது பொருந்தும். 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளை 18 வயதானதும், மிஞ்சினால் 21 வயதுக்குள், எந்த நாட்டுக் குடியுரிமை என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவள் மலேசியாவைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் வாங்கும் நிலம் அவள் கையில் ஓராண்டுக்கு மேல் நிற்காது. நிலம் வாங்கும் பேச்சுக்கு முன் அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும் என்பது என் கருத்து.

வேளாண் நிலத்தை வாங்குபவர் அந்த நிலம் உள்ள கெச்சாமத்தான் வட்டாரத்திலோ அதை ஒட்டிய வட்டாரத்திலோ குடியிருக்க வேண்டும் என்ற விதியும் 1961இலிருந்து இருக்கிறது. குளுவாங்கில் இருந்துகொண்டே நான்கு ஆண்டுகள் முன்னதாக வாங்கிப் போடுவது சரிவராது. விற்பனைப் பத்திரத்தை நிலப்பத்திர அலுவலர்தான் எழுத முடியும். அவர் இல்லாத ஒதுக்குப்புறங்களில் வட்டாரத் தலைவரான சாமாட் அந்தப் பொறுப்பைத் தற்காலிகமாக வகிப்பார். கிராமத் தலைவர் கையெழுத்திட்ட ரசீது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 2: ரூத்தெங் மருமகள்

அண்ணன் அவர்களுக்கு, நான் ஈப்போவில் பிறந்தவள். மங்கராய்க்காரரை மணந்து, ரூத்தெங் நகருக்குத் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் பதினொரு ஆண்டுகளாக வாழ்கிறேன். மேலே சகோதரர் எழுதியது அரசாங்கத்துச் சட்டம். இங்கே அதற்கு முன்பே ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய நிலத்தில் நிம்மதியாக ஒரு காப்பிச் செடியை நட முடியாது.

"கெண்டாங் உள்ளே, லிங்கோ வெளியே" என்பது மங்கராய் மக்களின் பழமொழி. முரசு தொங்கும் குலத்து வீடும் அதற்குரிய பொதுநிலமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்று பொருள். லிங்கோ எனப்படும் அந்தப் பொதுநிலத்தைச் சிலந்தி வலைபோல நடுவிலிருந்து பிரித்துக் கொடுப்பவர் துவா தேனோ என்னும் மூத்தவர். நடுவே ஒரு கட்டையை ஊன்றி, அங்கிருந்து விரல் அளவையால் ஒவ்வொரு வீட்டின் பங்கையும் குறித்து, வெளி எல்லைவரை கோடு இழுப்பார்கள். சஞ்சார் ஊருக்கு அருகே குன்றின்மேல் ஏறிப் பார்த்தால், வயல் முழுவதும் அந்த வலை இன்றும் விரிந்து கிடப்பது தெரியும். உங்கள் மைத்துனரின் காப்பி நிலம் அப்படிப்பட்ட லிங்கோவின் ஒரு பகுதியா, தகப்பனார் தாமே திருத்திய தனிநிலமா என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். இங்கே ஆண்பிள்ளைகளை அத்தா ஒனே, அதாவது உள்ளே இருப்பவர்கள் என்பார்கள். பெண்பிள்ளைகளை அத்தா பெஆங், வெளியே போகிறவர்கள் என்பார்கள். வழக்கப்படி பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. ஆனால் பெற்றோரும் சகோதரர்களும் மனமுவந்து மகளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு விடாங் என்று பெயர். நம் ஊர்ச் சீதனத்தை ஒத்தது என்று சொல்லலாம். எல்லாச் சகோதரர்களும் கூடி, கோழியும் கள்ளும் வைத்து, மூத்தோர் முன்னிலையில் "இது எங்கள் தங்கைக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதை யாரும் எளிதில் அசைக்க மாட்டார்கள். பிறகு அதற்கே அரசுச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மனைவிக்கு விடாங் கேட்கக்கூடிய இடத்தில், ஒரே ஒரு அண்ணன் தனியாக விற்பனை பேசுகிறார் என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மகனின் படிப்புக்கோ, மணப்பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பெலிஸ் தொகைக்கோ அவசரமாகப் பணம் தேவைப்பட்டிருக்கலாம். அப்படியானால் அந்தத் தேவையை நேராகக் கேட்டு உதவுவது நிலம் வாங்குவதைவிட நல்லது.

உங்கள் நிலையையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். பெண் கொடுத்த வீட்டார் அனாக் ரோனா. பெண் எடுத்த நீங்கள் அனாக் வினா. பெண் கொடுத்த வீட்டில் இறப்போ திருமணமோ வீடு கட்டுவதோ நடந்தால், சிடா என்ற பெயரில் உங்களிடம் பங்கு கேட்டு ஆள் வரும். இது கடனும் அல்ல, பிச்சையும் அல்ல, உறவின் முறை. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் என்றால் எதிர்பார்ப்பு கூடுதலாக இருக்கும். இந்தோனேசிய மொழியில் மணமகனையும் மணமகளையும் மெம்பெலாய் என்கிறார்கள். நம் மாப்பிள்ளை என்ற சொல்தான் கடல் கடந்து வந்து அப்படி ஆகியிருக்கிறது. இங்கே மாப்பிள்ளைக்கு முறுக்கு அதிகம் கிடையாது, கடமையே அதிகம். ஓய்வூதியக் கணக்கில் சிடாவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்காமல் குடியேற வேண்டாம்.

வாழ்க்கையைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூலையில் நீங்கள் பார்த்தது எங்கள் ஊரின் சிரித்த முகம். அறுவடைக் காலம், காய்ந்த சாலை, தெளிந்த வானம். நவம்பரில் மழை தொடங்கினால் ஏப்ரல் வரை ஓயாது. சனவரியில் ஒரு நாள் காலை, நேரம் தவறிப் பழுத்த கொஞ்சம் காப்பியை வாசலில் தார்ப்பாய் விரித்து உலர்த்தியிருந்தேன். பத்து மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. அள்ளி உள்ளே கொண்டுபோவதற்குள் தூறல் பிடித்துவிட்டது. மூன்று நாள் அடுப்பு மேலே பரப்பிவைத்தும், கொட்டையில் புகை வாசம் ஏறியதுதான் மிச்சம். வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு விலையைப் பாதியாக்கினார். அதே வாரம் மலைச்சரிவு விழுந்து எங்கள் சாலை நான்கு நாள் அடைபட்டது. பலகை இருக்கைகள் பூட்டிய லாரியான ஓட்டோ கோல் வராது. அரிசியும் சமையல் வாயுவும் தலைச்சுமைதான்.

மருத்துவம் உங்களுக்கு முக்கியம். கிராமத்தில் துணைச் சுகாதார நிலையமும், வட்டாரத்தில் புஸ்கெஸ்மாஸ் எனப்படும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாதாரண மாத்திரைகள் கிடைக்கும். இன்சுலின் என்றால் நகரத்தைத்தான் நம்ப வேண்டும், அதைக் குளிரில் வைக்க மின்சாரமும் வேண்டும். மாரடைப்பு போன்ற நெருக்கடிக்கு இங்கே மணிக்கணக்கில் பயணம். இன்னொன்று, நாய்கள். 1997 வரை புளோரெஸில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அந்த ஆண்டு தீவின் கிழக்குப் பகுதியில் புகுந்தது, இன்றுவரை ஒழியவில்லை. என் மகனை அண்டை வீட்டு நாய் கடித்த அன்று, அருகிலிருந்த சுகாதார நிலையத்தில் தடுப்பூசி தீர்ந்துபோயிருந்தது. கணவர் அவனை முன்னால் உட்காரவைத்து, மழையில் இரண்டரை மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். ஊசி கிடைத்தது, பிள்ளை நலமாக இருக்கிறான். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. குடியேறும் முன்பே மூவரும் முன்கூட்டியத் தடுப்பூசியைக் குளுவாங்கிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

இவ்வளவு சொன்னேனே என்று அஞ்ச வேண்டாம். என் மாமியார் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் ஒரு நாள் இரவுகூட நான் தனியாக விழித்திருந்ததில்லை. யாராவது ஒரு பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார். ஈப்போவில் என் தாயார் போனபோது அந்தத் துணை எனக்குக் கிடைக்கவில்லை.

பதில் 3: மேட்டுநிலத்தில் இருந்தவன்

நண்பரே, நான் எழுதுவது விலையைப் பற்றி. மேற்கு மங்கராயில், லபுவான் பாஜோவிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே, 2017இல் நண்பர் ஒருவர் பெயரில் நிலம் வாங்கினேன். விலை ஏறும் என்று எனக்கும் சொன்னார்கள். விலை ஏறத்தான் செய்தது. ஏறியதால்தான் சிக்கலே வந்தது. அதுவரை வாய்திறக்காத ஒரு குடும்பம், அந்த இடம் தங்கள் குலத்து நிலம் என்று வந்து நின்றது. விற்றவரிடம் ஒரு காகிதம், அவர்களிடம் வேறொரு காகிதம். இரண்டிலும் கிராமத் தலைவர் முத்திரை, வெவ்வேறு ஆண்டுகள். என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாததால் நான் பேச இடமே இல்லை. போட்ட பணம் போனது. நண்பரோடு பேச்சும் நின்றது. அது பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

மலைப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே வாங்குபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். உங்களைப் போன்ற வெளிநாட்டவர் வாங்க முடியாது. வெளியூர் இந்தோனேசியரும் வட்டார விதியால் வேளாண் நிலம் வாங்கத் தயங்குவார்கள். மீதம் இருப்பவர்கள் அதே ஊர்க்காரர்கள். அவர்களின் பிள்ளைகள் பாலிக்கும் மக்காசருக்கும் கலிமந்தானுக்கும் மலேசியாவுக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் விற்க வேண்டிய நிலை வந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். லபுவான் பாஜோ விலை கடலையும் கொமோடோவையும் விமான நிலையத்தையும் நம்பி நிற்கும் விலை. அது பல மணி நேர மலைப்பாதை ஏறி வருவதாக நான் கண்டதில்லை.

சுற்றுலா வந்தால் என்ன என்று கேட்பீர்கள். வாய் ரெபோ என்னும் மலைக்கிராமத்தைச் சொல்வார்கள். கூம்பு வடிவில் நிற்கும் அந்த ஏழு வீடுகளைச் சீரமைத்ததற்கு 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மலையேறி வந்து இரவு தங்குவோர் இன்று ஏராளம். ஆனால் அங்கே விருந்தினர் கட்டணம் ஊர்ப்பொதுவாக வாங்கப்படுகிறது. அது நிலம் விற்றுக் கிடைத்த வருமானம் அல்ல, நிலத்தை விற்காமல் வைத்திருந்ததால் கிடைத்த வருமானம்.

மறக்கக் கூடாத ஒன்று, காட்டு எல்லை. ரூத்தெங் மலைத்தொடரில் பெரும்பகுதி 1993 முதல் இயற்கைச் சுற்றுலாக் காடாக அறிவிக்கப்பட்டது. அரசு வரைந்த கோட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் காப்பி வளர்த்தவர்களின் தோட்டங்களும் அகப்பட்டன. மாவட்ட நிர்வாகம் காப்பிச் செடிகளை வெட்டி எறிந்ததும், உறவினர்கள் கைதானதை எதிர்த்துக் கோலோல் பகுதி விவசாயிகள் 2004 மார்ச் 10 அன்று ரூத்தெங் காவல் நிலையத்தின் முன் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் மைத்துனரின் நிலம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை மாவட்ட நில அலுவலகத்தின் வரைபடத்தில் பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூட அனுப்ப வேண்டாம்.

மறுமொழி: குளுவாங்வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை மனைவிக்கு வரிவரியாக மலாயில் சொல்லிக் காட்டினேன். விடாங் என்ற சொல்லைக் கேட்டதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். தகப்பனார் உயிரோடு இருந்தபோது, ஓடைக்கு மேலே உள்ள துண்டு உனக்கு என்று ஒருமுறை சொன்னாராம். கடல் கடந்து போய்விட்ட தமக்கு அதைக் கேட்க உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டு இத்தனை ஆண்டும் என்னிடம்கூட வாய்திறக்கவில்லை.

அன்றிரவே மாமியாருடன் கைப்பேசியில் பேசினோம். சகோதரி சொன்னது சரி. மூத்த மைத்துனருக்கு மகனின் பெலிஸ் தொகை நெருக்குகிறது. விற்க நினைத்த ஒன்றரை ஹெக்டேரும் மூன்று சகோதரர்களுக்கும் பொதுவானது. இளையவர்கள் இருவருக்கும் இந்த விற்பனைப் பேச்சே தெரியாது. பெலிஸுக்கு எங்கள் பங்காக ஒரு தொகையை, நிலத்தோடு முடிச்சுப் போடாமல், அனுப்புவதாகச் சொல்லிவிட்டோம். மூத்தவர் முதலில் மனம் வருந்தினார். மறுநாள் அவரே கூப்பிட்டுப் பேசினார்.

வரும் சனவரியில் மூவரும் ஆறு வாரம் அங்கே தங்கப் போகிறோம். மகளும் வருகிறாள், குடியுரிமை முடிவு அவளுடையது, ஊரை மழையிலும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்துக்கு நோட்டரியைத் தேட ஆரம்பித்திருக்கிறேன். ஜகார்த்தா நண்பருக்கு ஒரு கேள்வி: திருமணம் ரூத்தெங்கில் பதிவானது, அதன் பிறகு மனைவியின் ஊர் புதிய மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தை எந்த மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்?

மாமியார் ஓடை மேட்டுத் துண்டின் எல்லைகளைத் தினமும் இரவு தம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிழக்கே பாறை, மேற்கே ஓடை, வடக்கே காப்பிக்கு நிழலாக மாமனார் நட்ட கல்யாண முருங்கை வரிசை. அதில் எத்தனை மரம் இன்னும் நிற்கிறது என்று இளைய மைத்துனர் நேற்றுப் போய் எண்ணிப் பார்த்தார், ஒன்பதாம்.